கொழும்பின் பழைய கரையோரம்: ஒரு நாள் கையில் இருந்தால் எந்த வழி?

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ, கனடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொழும்புக்கு வருகிற நம்மவர்களின் ஒரு நாள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கழிகிறது. வெள்ளவத்தையில் தங்கல், காலி வீதியில் உடுப்புக் கடைகள், பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை, நேரம் மிஞ்சினால் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம். அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில்தான் 500 ஆண்டுப் பழைமையான துறைமுக நகரம் இருக்கிறது. அதைக் கட்டியவர்களிலும் அதில் வணிகம் செய்தவர்களிலும் கோயில் எழுப்பியவர்களிலும் தமிழ் பேசியவர்கள் நிறையப் பேர். அதற்கென்று ஒரு நாளை ஒதுக்க நினைப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

வழிகள் மூன்று. கொட்டாஞ்சேனையில் தொடங்கிச் செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டைக்கு வருவது ஒன்று. கோட்டைக்குள் நடந்து காலிமுகத்திடலில் முடிப்பது இன்னொன்று. நூதனசாலை, ஓவியக்கூடங்கள், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு என்று கறுவாத்தோட்டம், கொள்ளுப்பிட்டிப் பக்கம் போவது மூன்றாவது. கொம்பனித்தெருவை நான்காவதாகச் சொல்பவர்கள் உண்டு, அதைப் பற்றிப் பிறகு.

மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று புறப்படுவதுதான் வழக்கமான தவறு. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் கொழும்பின் நண்பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகைக்கு மேல், காற்றில் ஈரப்பதமும் மிகுதி. காலை 11 மணிக்குப் பிறகு ஒரு கிலோமீற்றர் நடப்பது, காலை 7 மணிக்கு மூன்று கிலோமீற்றர் நடப்பதைவிடக் களைப்பு. கோயில்கள் நண்பகலோடு நடை சாத்திவிடும். பள்ளிவாசலுக்குள் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஆகவே என்ன கிழமை, எத்தனை மணி என்பதை முதலில் பாருங்கள். வழி அதிலிருந்து தானாகவே வரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வரை

திங்கள் முதல் சனி வரை ஒரு முழுக் காலைப்பொழுது கையில் இருந்தால் எங்கள் தெரிவு இதுதான். வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கலாம், ஜும்ஆ தொழுகையை ஒட்டிப் புறக்கோட்டையில் நெரிசல் கூடும்.

வழிகாட்டிப் புத்தகங்கள் கோட்டை ரெயில் நிலையத்தில் தொடங்கி வடக்கே போகச் சொல்கின்றன. அப்படிப் போனால் காலை வேளையில் திறக்காத கடைகளைக் கடந்து, நண்பகலில் சாத்திய கோயில் வாசலில் போய் நிற்கவேண்டி வரும். மாறாக, காலை 7 மணிக்கு ஓட்டோ பிடித்து நேரே கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, தெற்கு நோக்கி நடந்து வாருங்கள். கோயில் திறந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. நீங்கள் புறக்கோட்டையை எட்டும்போது கடைகள் திறந்திருக்கும். நடையும் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முடியும். சுற்றெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர், நின்று பார்த்துப் போனால் ஐந்து மணித்தியாலம்.

பொன்னம்பலவாணேசர் கோயிலை 1857இல் எழுப்பியவர் பொன்னம்பலம் முதலியார். பின்னர் 1907 முதல் 1912 வரை அதை முழுக் கருங்கல் திருப்பணியாக மாற்றியவர் அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கொழும்பின் மற்றக் கோயில்களில் கண்ணைப் பறிக்கும் வண்ணச் சுதைகள் இங்கே இல்லை. கல்லின் நிறம் மட்டுந்தான். வெளியிலிருந்து உள்ளே போனதும் இருட்டாக இருக்கும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் கண் பழகித் தூண்களின் வேலைப்பாடு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். விரைந்து சுற்றி வெளியே வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். உள்ளே படம் எடுக்க வேண்டாம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டி வரலாம், அதற்குத் தோதாக ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த குரு ஒருவரோடு இதன் வரலாறு தொடங்குகிறது. இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏற்ற வருகிற கோயில் இது. செவ்வாய்க்கிழமை நவநாள் என்பதால் அன்று முழுவதும் நெரிசல். அமைதியாகப் பார்க்க விரும்புபவர்கள் செவ்வாயைத் தவிர்க்க வேண்டும், பக்தியின் வேகத்தைப் பார்க்க விரும்புபவர்கள் செவ்வாயிலேயே போகவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுவெடிப்பில் இங்கே வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் பலியானார்கள். பழுதுபார்த்து அதே ஆண்டு ஜூன் மாதமே திறந்தார்கள். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், பெரிய பை கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. அழுதுகொண்டு மன்றாடுகிறவர்களை நோக்கிக் கமராவைத் திருப்பாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு முடிவு எடுக்கவேண்டும். கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் போனால் புனித லூசியாள் பேராலயம், உயர்ந்த குவிமாடமும் பெரிய தூண்களுமாய் உரோமாபுரியை நினைவுபடுத்தும் முகப்பு. நேரே தெற்கே இறங்கினால் செட்டியார் தெரு. காலை 8.30க்கு முன் இங்கே வந்துவிட்டால் பேராலயத்துக்கு ஓட்டோவில் போய்த் திரும்புங்கள். பிந்திவிட்டால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அடுத்து வரும் வுல்வெண்டால் தேவாலயத்தை எக்காரணம் கொண்டும் தவறவிடக்கூடாது.

வுல்வெண்டால் சிறு குன்றொன்றின்மேல் நிற்கிறது. 1749இல் அத்திவாரமிட்டு 1757இல் திறந்த ஒல்லாந்தச் சீர்திருத்தத் தேவாலயம். சிலுவை வடிவம், கபுக் எனப்படும் செம்பாறைக் கல்லால் ஏறத்தாழ 5 அடி தடிப்பில் எழுப்பிய சுவர்கள். நண்பகலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருப்பது அந்தத் தடிப்பால்தான். நிலத்திலும் சுவரிலும் ஒல்லாந்தர் கல்லறைப் பலகைகள், மண்டையோடும் குலச்சின்னமும் செதுக்கியவை. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் வந்த கதை சுவையானது. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு கோயில் இருந்ததாகவும், அந்தச் சொல்லை ஒல்லாந்தர் ஓநாயோடு சேர்த்துக் கேட்டு ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ ஆக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். வளவில் இருக்கும் பராமரிப்பாளரைக் கேட்டால் திறந்து காட்டுவார். பராமரிப்புக்கென்று உண்டியலில் ஏதாவது போடுவது முறை. ஞாயிறு காலை ஆராதனை நேரம், அப்போது சுற்றிப் பார்க்க முடியாது.

குன்றிலிருந்து இறங்கினால் பழைய நகர மண்டபமும் அதன் முன்னே கேமன்ஸ் கேட் மணிக்கோபுரமும். ஒல்லாந்தக் கோட்டையின் வாயிலொன்று இருந்த இடம் இது. கேமன் என்றால் முதலை. அந்நாளில் பேரே வாவியிலும் அகழிகளிலும் முதலைகள் இருந்தன. 1873இல் கட்டிய நகர மண்டபத்தின் ஒப்பந்தக்காரர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். பெயரை நினைவில் வைத்திருங்கள், இன்னொரு வழியிலும் இவரைக் காண்பீர்கள்.

மணிக்கோபுரத்தடியிலிருந்து செட்டியார் தெரு தொடங்குகிறது. ஆங்கிலத்தில் கடல் தெரு, தமிழில் செட்டியார் தெரு, சிங்களத்தில் ஹெட்டி வீதிய. ஆங்கிலப் பெயர் கடலைச் சொல்கிறது, ஆனால் துறைமுகத்துக்காக நிலம் நிரப்பியதில் கடல் விலகிப் போய்விட்டது, இன்று தெருவில் நின்றால் ஒரு துளி நீரும் தெரியாது. தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் சொல்கிற ஆட்கள் எழுப்பிய கோயில்களோ அப்படியே நிற்கின்றன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் நகைக்கடைகளுக்கு நடுவே அடுத்தடுத்து இருக்கின்றன. ஆடி மாதத்தில் இங்கிருந்துதான் வேல் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். அந்த நாட்களில் காலி வீதிப் போக்குவரத்தை மாற்று வழிகளில் திருப்பிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். இரு கோயில்களையும் 11.30க்கு முன் பார்த்துவிட வேண்டும். தங்கம் வாங்குகிற எண்ணம் இருந்தால் அதை இந்த நடையோடு கலக்காதீர்கள். செய்கூலி, சேதாரம் பேசுவதற்கே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

பிறகு பிரதான வீதி வழியாகப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள். புறக்கோட்டை என்ற பெயரிலேயே கோட்டைக்குப் புறம்பான ஊர் என்ற பொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்டா’கூட நம் ‘பேட்டை’யிலிருந்து போனதுதான். தெருவுக்குத் தெரு ஒரு சரக்கு. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், கெய்சர் வீதியில் புடவை, நான்காம் ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் அரிசி, மிளகாய், வெங்காயம், கருவாடு, காபோஸ் லேனில் நாட்டு மருந்துச் சரக்கு. மூட்டை வண்டி தள்ளும் நாட்டாமைகள் கத்திக்கொண்டு வந்தால் உடனே ஓரமாக ஒதுங்குங்கள். பாரம் ஏற்றிய வண்டியைச் சட்டென்று நிறுத்த அவர்களால் முடியாது, அதன் நடுவே நின்று படம் எடுப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். கைப்பேசியையும் பணப்பையையும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடுகோடாய் நிற்பது ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், நம்மவர் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி. இந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியில் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. முறையான கட்டடக்கலைப் படிப்பில்லாத ஒருவர் கையில் இப்படியொரு வேலை பிறந்திருக்கிறது. குவிமாடங்களை உற்றுப் பாருங்கள், மாதுளம்பழத்தின் வடிவம் தெரியும். லுஹர் தொழுகை நண்பகல் 12 மணியைத் தாண்டியதும் தொடங்கிவிடும். 10 மணிக்கும் 11.30க்கும் இடைப்பட்ட நேரமே உள்ளே போகச் சரியானது. முழங்கால் மறைக்கும் உடுப்பு, பெண்களுக்குத் தலை மறைக்கத் துணி, வாசலில் செருப்பு. தெரு ஒடுக்கம் என்பதால் முழுக் கட்டடத்தையும் ஒரு படத்துக்குள் அடக்க முடியாது. நேரெதிரே நின்று கழுத்தை நோகவைக்காமல் தெருமுனைக்குப் போய்க் குறுக்காகப் பாருங்கள், கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கி வரும்.

தெம்பு மிஞ்சியிருந்தால் பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலை. 17ஆம் நூற்றாண்டில் ஆளுநர் தோமஸ் வான் ரீ குடியிருந்த வீடு, நடுமுற்றமும் உயர்ந்த தூண்களும் உள்ளது. திருத்த வேலைக்காக அடைத்திருக்கும் காலங்கள் உண்டு, அன்று திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசியில் பார்சி வணிகர் பிராம்ஜி பீக்காஜி கான் நினைவாக 1923இல் எழுந்த கான் மணிக்கூட்டுக் கோபுரம். அங்கிருந்து ரெயில் நிலையம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

இந்த வழியின் குறையையும் சொல்லியாகவேண்டும். நிழல் இல்லை, இருந்து களைப்பாற இருக்கை இல்லை, சுத்தமான கழிப்பறை தேடிப் பிடிப்பது கடினம். தள்ளுவண்டியில் குழந்தையோடு இது முடியாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களைப் பொன்னம்பலவாணேசருக்கும் அந்தோனியாருக்கும் மட்டும் ஓட்டோவில் கூட்டிப்போய்த் திரும்புவதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

கோட்டையும் காலிமுகத்திடலும்

ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் கிடைக்கிறது என்றால், அல்லது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் நேரம் என்றால், யோசிக்க வேண்டாம், இந்த வழி. தரை மட்டம், நடைபாதை அகலம், தேத்தண்ணி குடிக்கக் குளிரூட்டிய இடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றில் அலுவலகங்கள் பூட்டியிருப்பதால் தெருக்கள் வெறுமையாகும், கட்டடங்களின் முகப்பைத் தடையின்றிப் பார்க்கவும் இருந்து வரையவும் அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் இங்கே பெரும்பாலும் முகப்பைத்தான் பார்க்க முடியும். பலவற்றின் உள்ளே வங்கி, அமைச்சு, பாதுகாப்பு. பெயர் கோட்டை என்றாலும் மதில் ஏதும் இல்லை, அதை ஆங்கிலேயர் 1870 வாக்கிலேயே இடித்துவிட்டார்கள்.

யோர்க் வீதியில் தொடங்குங்கள். துறைமுக முனையில் 1875இல் திறந்த கிராண்ட் ஒறியன்டல் ஹோட்டல். ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் கொழும்பு வந்தபோது தங்கியது இங்கேதான். அதன் மேல்மாடி உணவகம் திறந்திருக்கும் நாளில் ஒரு தேநீருக்கு இருந்தால் துறைமுகம் முழுவதும் கீழே விரியும். துறைமுகத்தைத் தரையிலிருந்து பார்க்க வாய்ப்பில்லாததால் அந்தத் தேநீருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பக்கத்தில் புனித பேதுரு தேவாலயம், முன்னாளில் ஒல்லாந்த ஆளுநரின் மாளிகை, 1821இல் தேவாலயமாகத் திருநிலைப்படுத்தினார்கள். சற்றுத் தள்ளிச் செங்கல் நிறத்தில் கார்கில்ஸ் கட்டடம், 1906ஆம் ஆண்டினது. அதன் முன்னுள்ள வளைவு நடைகூடம் மழைக்கு நல்ல ஒதுக்கிடம்.

சதாம் வீதி முனையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பலர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. ஆளுநர் ஹென்றி வோர்டின் மனைவி எமிலி எலிசபெத் வரைந்த வடிவம், 1857இல் முடிந்தது. பத்து ஆண்டு கழித்து அதன் தலையில் வெளிச்சவீட்டு விளக்கை ஏற்றினார்கள். காலப்போக்கில் சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து கப்பல்களிடமிருந்து வெளிச்சத்தை மறைத்துவிட்டதால் 1952இல் அணைத்துவிட்டுக் கடலோரத்தில் புதியதொன்றைக் கட்டினார்கள். இன்று கோபுரத்தடியில் நின்று பார்த்தால், ஒரு காலத்தில் கடலிலிருந்து தெரிந்த விளக்கு இது என்று நம்புவதே கடினம்.

அதே வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை 1914ஆம் ஆண்டுக் கட்டடமொன்றில் இருக்கிறது. பழைய காசுகளில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது, வேலைநாளில் போனால்தான் பார்க்கலாம். ஒல்லாந்தர் வைத்தியசாலை கோட்டைக்குள் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, 17ஆம் நூற்றாண்டினது. 2011 முதல் கடைகளும் உணவகங்களுமாய் இருக்கிறது. வெயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் தடித்த சுவரையும் மேலே தேக்கு வளைகளையும் பார்க்கக் காசு தேவையில்லை, சாப்பிடத்தான் கூடுதலாக வேண்டும். கடற்படை, துறைமுக வாயில்கள், சனாதிபதி மாளிகைப் பக்கம் கமராவை நீட்டாதீர்கள்.

5 மணிக்குக் காலிமுகத்திடலில் இருக்கவேண்டும். கொழும்பில் சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து 5.50க்கும் 6.30க்கும் இடையில். ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த உலாவிடம் இது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்டு அவர் நாட்டிய கல் இன்றும் இருக்கிறது. தெற்கு முனையில் 1864ஆம் ஆண்டு ஹோட்டல், வடக்கில் 1930இல் திறந்த பழைய நாடாளுமன்றம். அந்த நாடாளுமன்றத்தின் முன்னே, 1956 ஜூன் 5இல், தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையில் அறவழியில் அமர்ந்த தமிழர்களைக் கும்பல் தாக்கியது. அதே திடலில் 2022இல் சனாதிபதி பதவி விலகக் கோரி மாதக்கணக்கில் மக்கள் கூடாரமடித்து இருந்தார்கள், அந்த மே 18இல் அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்தது. இவற்றைச் சொல்லும் பலகை எதுவும் அங்கே கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் பட்டம் ஏற்றிக் கொடுக்கும் போதே இதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

வடக்கே பார்த்தால் முன்பு கடல்வெளி இருந்த இடத்தில் துறைமுக நகரம், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர். தண்ணீரில் இறங்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவத்தில் அலை கரைச்சுவரையே தாண்டி அடிக்கும், மற்ற மாதங்களிலும் நீரோட்டம் வலிது. வடை வாங்கும்போது, கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுப்பதைக் கேட்டு வாங்குங்கள். அடுக்கி வைத்தது கடற்காற்றில் நமுத்துவிடும்.

கலை வழி: நூதனசாலை முதல் கொள்ளுப்பிட்டி வரை

மழை நாளுக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் பாதிக்கு மேல் கூரைக்குள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும்போது மற்ற இரண்டு வழிகளும் கெட்டுப்போகும், இது கெடாது. ஆனால் இடத்துக்கு இடம் ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் இருப்பதால் நடந்து முடிக்க நினைக்காதீர்கள். மீற்றர் போட்ட ஓட்டோவோ கைப்பேசிச் செயலியில் பிடித்ததோ வேண்டும். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் நகர மண்டபச் சந்தியில் இறங்கியும் வரலாம்.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1இல் திறந்தது. கட்டிக் கொடுத்தவர் அதே வாப்பிச்சி மரைக்கார். வெள்ளிக்கிழமைகளில் மூடவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. முழுதும் பார்க்கப் பகல் போதாது. இரண்டு மணித்தியாலம்தான் இருக்கிறது என்றால் இரண்டுக்குச் செலவிடுங்கள். ஒன்று, பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த செப்புத் திருமேனிகள். நடராசரைச் சுற்றிவந்து பின்புறத்தையும் பாருங்கள். சுந்தரரும் மாணிக்கவாசகரும் இருக்கிறார்கள். தேவாரமும் திருவாசகமும் வாயில் உள்ளவர்களுக்குக் கைகளின் நிலையே யார் என்று சொல்லிவிடும். மற்றது, காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. ஒரே கல்லில் சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தீவின் தென்கோடியான தெய்வேந்திர முனையிலிருந்த தேனாவரை நாயனாருக்கும் காணிக்கைப் பட்டியல். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தத் தீவின் தென்கரை வணிகத்தில் எந்த மொழிகள் செல்லுபடியாயின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடிப் பிடிப்பது கடினம். கருங்கல் மங்கலாக இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்து எழும்பும். ஒளிவிளக்குப் போட்டுப் படம் எடுக்கக்கூடாது.

வெளியே வந்தால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கீழைக்கலையை உலகுக்கு எடுத்துரைத்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். கொட்டாஞ்சேனைக் கோயிலைக் கல்லில் கட்டிய இராமநாதனின் தாயும் இவருடைய தந்தை முத்துக் குமாரசுவாமியும் உடன்பிறந்தவர்கள். ஒரே குடும்பம் நகரத்தின் இரு முனைகளில் இரண்டு விதமாய்ப் பதிந்திருக்கிறது. இந்த வீதியின் நடைபாதையில் ஓவியர்கள் படங்களை நிறுத்தி விற்பார்கள். ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இல் தொடங்கிய கலாபொல என்னும் வீதிக் கலைச்சந்தையும் இதே வீதியில்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒரு ஞாயிறு முழுக்க நடக்கும். அந்த நாளோடு உங்கள் வருகை ஒத்துவந்தால் மற்றெல்லாத் திட்டத்தையும் மாற்றலாம், வரைந்தவரோடு நேரே நின்று கதைத்து வாங்க முடிகிற நாள் வேறில்லை.

படம் வாங்கினால் சட்டத்திலிருந்து கழற்றித் தரச் சொல்லுங்கள். வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டவேண்டும். உள்ளே இருக்கச் சுருட்டினால் விரிக்கும்போது பூச்சு வெடிக்கும். எண்ணெய் வண்ணம் என்றால் விரல்நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் அது காயவில்லை, சுருட்டினால் நாசம். குழாய் வடிவ அட்டைப் பெட்டி கேளுங்கள். பழம்பொருள் என்று யாரும் நீட்டுவதை வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வாங்கவே வேண்டாம். 50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருட்களை அனுமதிப் பத்திரமின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்தில் பறிபோகும்.

ஓவியத்தில் உண்மையான நாட்டமுள்ளவர்கள் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் அறக்கட்டளையைத் தவறவிடக்கூடாது. 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோர் சேர்ந்து அமைத்த 43 குழுவின் படங்கள், அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டிலேயே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியும் கயிற்றுத் தடுப்பும் இல்லாமல், நாற்காலி மேசைகளுக்கு நடுவே சுவரில் தொங்கும் கீற்றின் படத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கலாம். வாரத்தில் சில நாட்கள், அதுவும் முற்பகலில் மட்டுமே திறப்பதால் முதல்நாளே தொலைபேசியில் கேளுங்கள். இதைக் கேட்காமல் போய்ப் பூட்டிய கதவைக் கண்டு திரும்புகிறவர்களே அதிகம். அதுபோல ஜெஃப்ரி பாவாவின் 33ஆம் ஒழுங்கை வீட்டுக்கும் முன்பதிவு கட்டாயம், குறித்த நேரத்தில் குழுவாக அழைத்துப்போவார்கள், பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாய் வாங்கி ஒன்றாக்கியது. வெளிச்சத்தை மேலிருந்து எப்படி உள்ளே இறக்குவது என்று பார்க்க வீடு கட்டப் போகிறவர்கள் கட்டாயம் போகவேண்டும்.

இந்த வழியில் கடலே கிடையாது என்பது ஒரு குறை. ஆனால் கொள்ளுப்பிட்டி ரெயில் நிலையத்துக்குப் போய்விட்டால் தண்டவாளத்துக்கு அப்பால் கடல்தான்.

கொம்பனித்தெருவைப் பற்றிச் சுருக்கமாக. ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்து வைத்த பகுதி, மலாயரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த தெருக்கள். மனதுக்கு நெருக்கமான இடந்தான். ஆனால் பழைய வீடுகளும் கடைத் தொடர்களும் பெரும்பகுதி இடிபட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அரை நாள் ஒதுக்க இன்று அங்கே மிச்சமில்லை. பேரே வாவியில் பாவா வடிவமைத்த சீமா மாலக்கத்தையும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் மற்ற வழிகளுக்கு இடையில் ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம்.

ஒரு முழு நாளும் கையில் இருப்பவர்கள் கொட்டாஞ்சேனை வழியைக் காலையில் முடித்து, 12 முதல் 3 வரை சாப்பாடும் ஓய்வும் எடுத்து, பின்னேரம் கோட்டையையும் காலிமுகத்திடலையும் சேர்க்கலாம். கலை வழியை அதனுள் திணிக்காதீர்கள், அதற்கு இன்னொரு நாள் வேண்டும். பௌர்ணமிப் போயாவில் அலுவலகங்களும் நிறையக் கடைகளும் பூட்டியிருக்கும், அன்று கோட்டை வழி மட்டுமே சரிவரும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு குடை, ஓட்டோவுக்கும் உண்டியலுக்கும் மாற்றிய சில்லறை. எந்த வழி என்றாலும் இவை மூன்றும் கையில் இருக்கட்டும்.

திரும்பிப் போவது வெள்ளவத்தைக்கோ தெகிவளைக்கோ என்றால் 100, 101 பஸ்களைவிட ரெயில் மேல். கோட்டையிலிருந்து கல்கிசை வரை ஏறத்தாழ 12 கிலோமீற்றர், கொள்ளுப்பிட்டியைத் தொட்டதும் வண்டி கடலை ஒட்டியே ஓடும். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். வேலைநாள் பின்னேரம் 4.30 முதல் 6.30 வரை இருக்கை கிடைக்காது, கதவில் தொங்கவேண்டி வரும். அதற்கு முன் அல்லது 7 மணிக்குப் பின் ஏறுங்கள். இறங்கியதும் தண்டவாளத்தின் வழியே கடலோரமாய் நடந்து வீடு போகலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அலைச் சத்தத்தில் பின்னால் வரும் வண்டியின் ஓசை கேட்காது. பக்கத்திலேயே மெரைன் டிரைவ் இருக்கிறது, அதில் நடங்கள்.